கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது: நானே நிறுத்திப் பார்க்கலாமா, டாக்டரிடம் போக வேண்டுமா?

வெண்மேகம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச காலமாக ஒரு தொந்தரவு. பிரட், நூடுல்ஸ், பிஸ்கட் என்று கோதுமையோ மைதாவோ எது உள்ளே போனாலும் வயிறு கல் மாதிரி உப்பிக்கொள்கிறது. காலையில் சரியாக இருந்த உடுப்பு சாயங்காலம் இடுப்பில் இறுக்குகிறது. சில நாள் வயிற்றுப்போக்கு, சில நாள் நேர்மாறாக மலச்சிக்கல். எப்போதும் ஓர் அசதி வேறு. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், மாதக்கணக்கில் போட்டும் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. அடிக்கடி வாய்ப்புண்ணும் வரும்.

கூட வேலை பார்க்கும் தோழி, "உனக்குக் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு வாரம் கோதுமையை நிறுத்து, தெரிந்துவிடும்" என்கிறாள். நாளையிலிருந்து நிறுத்தலாம் என்று இருக்கிறேன். அரிசி, சோளம் எல்லாம் சாப்பிடலாம்தானே? வேறு எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

---

அரைத்தூக்கம்

நாளையிலிருந்து என்று எழுதியிருப்பதால் அவசரமாகப் பதில் போடுகிறேன். இப்போது நிறுத்தாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் கோதுமையைக் கைவிடுவது.

எனக்குச் செலியாக் நோய் இருக்கிறது. குளூட்டன் உள்ளே போனால் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கும் நோய் அது. ரத்தத்தில் தேடுவது அந்தத் தாக்குதலில் உண்டாகும் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களை. குளூட்டனை நிறுத்தினால் அவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். குடலும் ஆற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பரிசோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாக அறிக்கை வரும், நோய் மட்டும் அப்படியே இருக்கும்.

உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது உப்புசம் இல்லை. மாத்திரை போட்டும் ஏறாத ஹீமோகுளோபின்.

---

வெண்மேகம்

இது தெரியாமல் போயிருந்தால் நாளைக்கே நிறுத்தியிருப்பேன்! ஆனால் ஒரு சந்தேகம். செலியாக் என்றால் எலும்பும் தோலுமாக இருப்பார்கள் என்று படித்தேன். எனக்கு எடை குறையவே இல்லை, சொல்லப்போனால் கூடியிருக்கிறது. அப்படியும் இருக்குமா?

---

சமையலறைக்கணக்கு

இருக்கும். நான் உணவியல் ஆலோசகர். செலியாக் என்று உறுதியாகி என்னிடம் அனுப்பப்படுபவர்களில் உடல் பருமனாக இருப்பவர்களும் உண்டு, மலச்சிக்கலோடு வருபவர்களும் உண்டு. 1888-இல் சாமுவேல் கீ என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதியபோது அவர் பார்த்தவர்கள் பெரும்பாலும் வயிறு பெருத்து, கைகால் சூம்பிப்போன குழந்தைகள். அந்தப் படம்தான் இன்றும் எல்லோர் மனத்திலும் நிற்கிறது. இப்போது பெரியவர்களிடம் அதிகம் காண்பது ரத்தசோகை, அசதி, எலும்பு அடர்த்திக் குறைவு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், காரணம் தெரியாமல் சற்றே உயர்ந்த கல்லீரல் என்சைம்கள். கருத்தரிப்பதில் சிக்கல், அடுத்தடுத்துக் கருச்சிதைவு என்று மருத்துவரிடம் போய், கடைசியில் செலியாக் என்று தெரியவந்தவர்களும் இருக்கிறார்கள். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாமல் கூட இருக்கலாம்.

முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக, தூங்கவிடாமல் அரிக்கும் சிறு கொப்புளங்கள் வந்தால் அது தோலில் வெளிப்படும் செலியாக்காக இருக்கலாம். சாதாரண எக்ஸிமா என்று நினைத்து வருடக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, "குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது செலியாக். உலக அளவில் ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு இருக்கிறது, அவர்களில் பலருக்கு அது தெரியாது. இரண்டாவது கோதுமை அலர்ஜி. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் என்று வரும். மூன்றாவது செலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறன். இதற்கென்று ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. முதல் இரண்டும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, நிறுத்தினால் குறைகிறது, திரும்பச் சாப்பிட்டால் வருகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். தோழி சொன்ன இரண்டு வாரச் சோதனை இந்த மூன்றாவதற்கு மட்டும் பொருந்தும், அதுவும் கடைசியில்.

---

சந்தேகப்பிராணி

எல்லோரும் செலியாக் பக்கமே போகிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், திட்டாதீர்கள்.

கோதுமையில் குளூட்டன் மட்டும்தானா இருக்கிறது? ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து வகையும் இருக்கிறது. அது மனிதச் சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகும். வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பதும் அதே சரக்குதான்.

2018-இல் நார்வேக்காரர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செலியாக் இல்லை என்று உறுதியானவர்கள், ஆனால் தாங்களாகவே குளூட்டனை விட்டவர்கள், மொத்தம் 59 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் குளூட்டன் கலந்த சிற்றுண்டிக் கட்டி (பார்), ஒரு வாரம் ஃபிரக்டான் கலந்தது, ஒரு வாரம் எதுவும் கலக்காதது. எந்த வாரம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. 24 பேருக்கு ஃபிரக்டான் வாரத்தில்தான் தொல்லை உச்சம். 22 பேருக்கு எதுவும் கலக்காத வாரத்தில். குளூட்டன் வாரத்தில் உச்சம் என்றது 13 பேர். அதாவது ஒன்றுமே இல்லாததைத் தின்று வயிறு வலித்தவர்கள் குளூட்டனால் வலித்தவர்களைவிட அதிகம்!

அதற்காக அவர்கள் நடித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. வரும் என்று பயந்து சாப்பிட்டால் குடலுக்கு நிஜமாகவே வலிக்கும். குளூட்டன் மேல் பழி போட்டுவிட்டு உண்மைக் காரணத்தைத் தேடாமல் விடுகிறோம் என்பதுதான் என் வாதம்.

---

சமையலறைக்கணக்கு

ஆய்வைச் சரியாகத்தான் சொல்கிறீர்கள் சார். "குளூட்டன் இல்லாதது" என்று அச்சடித்த பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டும் உப்புசம் போகவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே வெங்காயம், பூண்டு, பால் பற்றித்தான். ஆனால் அந்த 59 பேரும் செலியாக் இல்லை என்று தெரிந்த பிறகு ஆய்வுக்குள் வந்தவர்கள். வெண்மேகம் இன்னும் அந்த வாசலையே தாண்டவில்லை.

---

சந்தேகப்பிராணி

ஏற்றுக்கொள்கிறேன் மேடம். மாத்திரைக்கு மசியாத ரத்தசோகையை ஃபிரக்டான் விளக்காது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் டாக்டர் கேட்பார், அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள் வெண்மேகம்.

---

இரட்டைவால்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் கதை வேறு. நான் கோதுமையை விட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகிறது, ஒரு டாக்டரையும் பார்க்கவில்லை. வயிறு நன்றாக இருக்கிறது. மாதம் ஒரு தடவை ஆசைக்கு ஒரு கேக் துண்டு சாப்பிட்டால் அன்று மட்டும் கொஞ்சம் அவஸ்தை. நன்றாக இருப்பவனை எதற்கு ஊசி குத்த வேண்டும்? பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

---

அரைத்தூக்கம்

தம்பி, அந்த மாதாந்தரக் கேக் துண்டில்தான் விஷயமே இருக்கிறது. உங்களுக்குச் செலியாக் இல்லை என்றால் கேக் சாப்பிடலாம், ஒரு நாள் அவஸ்தைப்பட்டுவிட்டுப் போகலாம், குடலுக்குச் சேதம் எதுவும் இல்லை. செலியாக் இருந்தால் கதை வேறு. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் உறிஞ்சிகளுக்கு (சத்தை உறிஞ்சும், விரல் போன்ற நுண் முளைகள்) சேதம் வரும் என்று காட்டியிருக்கிறார்கள். ஒரு பிரட் துண்டில் ஏறத்தாழ 2 கிராம் இருக்கிறது, அதாவது அந்த அளவைப்போல நாற்பது மடங்கு. என் வீட்டில் எனக்குத் தனி டோஸ்டர், தனி வடிதட்டு. விருந்தினர் யாராவது பிரட்டில் தடவிய கத்தியைத் திரும்ப வெண்ணெய் டப்பாவுக்குள் விட்டால் அந்த டப்பா எனக்கு ஆகாது. இவ்வளவு கெடுபிடியோடு ஆயுள் முழுக்க வாழ வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு பரிசோதனையில் தெரியும் என்றால் தெரிந்துகொள்ள மாட்டீர்களா?

அப்புறம், செலியாக் என்று உறுதியானால் எலும்பு அடர்த்தி பார்ப்பார்கள், இரும்பு, ஃபோலேட், பி12, வைட்டமின் டி எல்லாம் பார்ப்பார்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் அவர்களையும் பரிசோதிப்பார்கள். பெயர் தெரிவதால் ஆவது இதெல்லாம்தான்.

---

இரட்டைவால்

சரி அண்ணா. ஆனால் பரிசோதனைக்காகத் திரும்பக் கோதுமை தின்ன வேண்டுமா? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

---

ஆய்வகவாசி

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

உங்களைப் போல ஏற்கெனவே நிறுத்தியவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது: மரபணுப் பரிசோதனை. செலியாக் உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே எச்எல்ஏ டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபணு வகை இருக்கும். என்ன சாப்பிட்டாலும் மரபணு மாறாது, அதனால் கோதுமைக்குத் திரும்பத் தேவையில்லை. இரண்டும் இல்லை என்று வந்தால் செலியாக்கை அநேகமாக மறந்துவிடலாம். இருக்கிறது என்று வந்தால் மட்டும் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. மக்கள்தொகையில் 30 முதல் 40 சதவீதம் பேருக்கு அவை இருக்கின்றன, அவர்களில் நோய் வருவது மிகச் சிலருக்குத்தான்.

மரபணு இருந்தால் அடுத்தது, டாக்டர் கண்காணிப்பில் சில வாரம் குளூட்டன் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுப்பது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் உணவு, குறைந்தது ஆறு வாரம் என்கிறது. தாங்க முடியாதவர்களுக்கு அளவையும் காலத்தையும் குறைத்துச் செய்யும் முறைகளும் உண்டு. நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

வெண்மேகம் அக்காவுக்கு: நீங்கள் கேட்க வேண்டிய பரிசோதனை டிடிஜி ஐஜிஏ. செலியாக்கில் உண்டாகும் ஆன்டிபாடியைத் தேடுவது அது, ஐஜிஏ என்பது ஆன்டிபாடியில் ஒரு வகை. கூடவே மொத்த ஐஜிஏ அளவும் பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செலியாக் உள்ளவர்களில் நூறில் இரண்டு மூன்று பேருக்கு உடம்பில் ஐஜிஏ உற்பத்தியே இருக்காது. அவர்களுக்கு நோய் எவ்வளவு முற்றியிருந்தாலும் டிடிஜி ஐஜிஏ ஏறாது. ஐஜிஏ இல்லை என்று தெரிந்தால் ஐஜிஜி என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனைக்கு மாறுவார்கள். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை, அதே குழாயில் வேறு ஏதாவது பார்க்கச் சொல்லியிருந்தால் ஒழிய.

---

பச்சிலை

எதற்கு இவ்வளவு சுற்றிவளைப்பு? ஒரு சொட்டு ரத்தம் அனுப்பினால் இருநூறு உணவுகளில் எது ஒத்துக்கொள்ளாது என்று பட்டியலே தருகிறார்கள். நான் செய்தேன், கோதுமை, பால், முட்டை, வாழைப்பழம் எல்லாம் சிவப்பில் வந்தது. விட்டுவிட்டேன், நிம்மதி.

---

ஆய்வகவாசி

அது உணவுகளுக்கான ஐஜிஜி பரிசோதனை. ஒரு உணவை நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதற்கு எதிரான ஐஜிஜி இருப்பது இயல்பு. உங்கள் பட்டியலில் சிவப்பில் வந்ததெல்லாம் நீங்கள் அடிக்கடி சாப்பிடுபவையா என்று பாருங்கள். ஐரோப்பிய அலர்ஜி அகாதமி 2008-லேயே இதை உணவு ஒவ்வாமை கண்டறியப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தலைமுடியை அனுப்பச் சொல்லும் பரிசோதனையும் இருக்கிறது, அதைப் பற்றி எழுதக் கைவரவில்லை.

---

சமையலறைக்கணக்கு

பச்சிலை, கோபிக்காதீர்கள், ஆனால் பாலும் முட்டையும் பழமும் ஒரே நாளில் விட்டால் கால்சியமும் புரதமும் எங்கிருந்து வரும்? இதைக் குழந்தைக்குச் செய்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பதறுகிறது.

---

தாயுமானவள்

குழந்தை என்றதும் கேட்கத் தோன்றியது. என் மகனுக்கு ஒன்பது வயது, முதல் வகைச் சர்க்கரை நோய். அவனுடைய டாக்டர் செலியாக் பரிசோதனையும் செய்யச் சொல்கிறார். ஆனால் அவனுக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் கிடையாது. நன்றாக ஓடி விளையாடுகிற பிள்ளையை இதில் இழுக்க வேண்டுமா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம்.

---

சமையலறைக்கணக்கு

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய நூறில் ஐந்தாறு பேருக்குச் செலியாக்கும் இருக்கும், அறிகுறியே இல்லாமல். தன்னுடல் தாக்கும் தைராய்டு நோய், டவுன் சிண்ட்ரோம், டர்னர் சிண்ட்ரோம் ஆகியவற்றோடும் இது சேர்ந்து வருவதுண்டு. உயரத்தை வரைபடத்தில் குறித்து வருகிறீர்களா? எடை சரியாக இருந்து உயரம் மட்டும் கோடு இறங்கினால் அதுவே ஓர் அறிகுறி. நிரந்தரப் பற்களில் எனாமல் குழிந்தோ திட்டுத்திட்டாகவோ இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்க்கரை காரணமில்லாமல் அடிக்கடி தாழ்ந்துபோனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குடல் சரியாக உறிஞ்சாததால் கூட அப்படி ஆகலாம்.

எண்டோஸ்கோபி வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிறீர்கள் என்றால், குழந்தைகளுக்கு அது எப்போதும் தேவைப்படுவதில்லை. டிடிஜி அளவு உச்ச வரம்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருந்து, இன்னொரு நாள் எடுத்த ரத்தத்தில் இஎம்ஏ என்ற பரிசோதனையும் ஆம் என்று வந்தால், குடலில் திசு எடுக்காமலே உறுதி செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. பொருந்துமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

---

ஓட்டக்காரன்

எனக்கு வயிறு பிரச்சினை இல்லை. பிரட் சாப்பிட்டுவிட்டு ஓடப் போனால் சில நாள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துவிடுகிறது. ஒரு தடவை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஓடாமல் பிரட் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை. சாப்பிடாமல் ஓடினாலும் ஒன்றும் இல்லை. வெயில் காரணமாக இருக்குமோ?

---

ஆய்வகவாசி

ஐயா, இந்த இழையிலேயே அவசரமான பதிவு உங்களுடையதுதான். நீங்கள் சொல்வது கோதுமை சாப்பிட்டு உடற்பயிற்சி செய்தால் மட்டும் வரும் தீவிர அலர்ஜியை அப்படியே ஒத்திருக்கிறது. ஒமேகா-5 கிளையடின் என்ற கோதுமைப் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ (அலர்ஜி உண்டாக்கும் ஆன்டிபாடி) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரையும் மதுவும் இதைத் தூண்டிவிடும். அலர்ஜி நிபுணரைப் பார்க்கும்வரை கோதுமை சாப்பிட்டு நாலைந்து மணி நேரத்துக்கு ஓடவே ஓடாதீர்கள், தனியாகவும் ஓடாதீர்கள். மறுபடி தலை சுற்றினாலோ, தொண்டை அடைத்தாலோ, மூச்சு இரைத்தாலோ இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

---

வெண்மேகம்

டாக்டரைப் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் சாப்பாடு, தொந்தரவு இரண்டையும் எழுதி வைக்கச் சொன்னார்கள். ஒரு நாளுக்கு எழுதியதை இங்கே போடுகிறேன், சரியா என்று பாருங்கள்:

காலை 8: பிரட் இரண்டு துண்டு, பெரிய டம்ளரில் பால் காபி. 9.30: உப்புசம், வாயு.
மதியம் 1: சோறு, காய், பருப்பு. ஒன்றும் இல்லை.
4: பிஸ்கட் நான்கு, பால் இல்லாத டீ. ஒன்றும் இல்லை.
இரவு 8: வெங்காயம் நிறையப் போட்ட நூடுல்ஸ். 10: உப்புசம் அதிகம். இரவு தூங்கினேன், எழுந்திருக்கவில்லை.

---

சமையலறைக்கணக்கு

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். மலம் எப்படி இருந்தது, தூக்கம், மாதவிடாய் நாள், போட்ட மாத்திரை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையே சிலருக்கு மலச்சிக்கல் உண்டாக்கும்.

நாலு மணி பிஸ்கட்டைக் கவனித்தீர்களா? அதிலும் கோதுமைதான், ஆனால் ஒன்றும் ஆகவில்லை. காலையில் பால் இருந்தது, இரவில் வெங்காயம் இருந்தது.

---

சந்தேகப்பிராணி

நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லலாமா?

---

அரைத்தூக்கம்

இன்னும் இல்லை! செலியாக்கில் குடல் உறிஞ்சிகள் தேய்ந்தால் அவற்றின் நுனியில் சுரக்கும், பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸும் குறையும். பால் செரிக்காமல் போவது அதனாலேயே இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. குளூட்டனை விட்டுக் குடல் ஆறிய பிறகு பால் பிரச்சினை போய்விட்டது. எந்த உணவுக்குப் பின் வயிறு கனக்கிறது என்று நாட்குறிப்பு சொல்லும், குடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ரத்தம்தான் வேண்டும்.

---

சமையலறைக்கணக்கு

இழையை நிறையப் பேர் படிப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாட்குறிப்பு எழுதிக்கொண்டு நிதானமாக டாக்டரிடம் நேரம் வாங்குவது எல்லோருக்கும் சரிவராது. மலத்தில் ரத்தம், முயற்சி எடுக்காமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, நிற்காத வாந்தி, விழுங்கச் சிரமம், காய்ச்சலோடு வயிற்று வலி, இவற்றில் எது இருந்தாலும் குளூட்டனைப் பற்றிய யோசனையை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு புதிதாக மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலும் அப்படியே. அந்த வயதுப் பெண்களுக்குப் புதிதாக வந்து போகாமல் நிற்கும் உப்புசம் சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், அதைச் சாப்பாட்டின் மேல் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

இந்த ஆபத்து அறிகுறிகள் இல்லாமல், எப்போதாவது விருந்துக்குப் பிறகு உப்புகிறது என்றால் ஓடிப்போய் நிபுணரைப் பார்க்க வேண்டியதில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, ரத்தசோகை போல வேறு ஏதாவது சேர்ந்துகொண்டாலோ, குடும்பத்தில் யாருக்காவது செலியாக் இருந்தாலோ பொது மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை கேட்கலாம்.

---

இரட்டைவால்

ஆய்வகவாசி அண்ணா சொன்ன மரபணுப் பரிசோதனை செய்தேன். டிகியூ2 இல்லை, டிகியூ8-உம் இல்லை. டாக்டர், செலியாக் இருக்க வாய்ப்பே இல்லாத மாதிரிதான் என்றார். அப்படியானால் எனக்கு என்னதான் பிரச்சினை?

---

சமையலறைக்கணக்கு

ஃபிரக்டானாக இருக்கலாம், உண்மையான குளூட்டன் உணர்திறனாகவும் இருக்கலாம், ஐபிஎஸ் என்று டாக்டர்கள் சொல்லும் குடல் தொந்தரவாகவும் இருக்கலாம். இப்போது பயமில்லாமல் சோதித்துப் பார்க்கலாம், உணவியல் ஆலோசகர் ஒருவர் கூட இருந்தால் நல்லது. சில வாரம் வெங்காயம், பூண்டு, கோதுமை உள்ளிட்ட சிலவற்றைக் குறைத்து, வயிறு அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். திரும்பச் சேர்ப்பதைத்தான் நிறையப் பேர் செய்வதில்லை, ஆயுசுக்கும் பத்தியம் இருந்துவிடுகிறார்கள். கோதுமை இல்லாத பொட்டல உணவுகளில் பெரும்பாலும் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் குறைவு என்பதையும் மறக்காதீர்கள். காரணமில்லாமல் அதில் நீடிக்க வேண்டாம்.

---

வெண்மேகம்

முடிவு வந்துவிட்டது. டிடிஜி ஐஜிஏ, ஆய்வகத்தின் வரம்பைப் போல ஆறு மடங்கு. மொத்த ஐஜிஏ சரியாக இருக்கிறது. டாக்டர் இரைப்பை-குடல் நிபுணரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார், எண்டோஸ்கோபிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தேதி. பயமும் நிம்மதியும் கலந்து இருக்கிறது. தொந்தரவுக்குக் காரணம் தெரிந்துவிட்டதே, இப்போதாவது கோதுமையை நிறுத்தலாமா? எண்டோஸ்கோபிக்கு முன்னால் அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

---

அரைத்தூக்கம்

நிறுத்தாதீர்கள் அக்கா, இன்னும் மூன்று வாரம். எண்டோஸ்கோபியில் பார்க்கப்போவது குடல் உறிஞ்சிகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதை, அதற்குச் சேதம் சேதமாகவே இருக்க வேண்டும். தாங்க முடியாத அளவுக்குப் போனால் நிபுணரின் அலுவலகத்துக்குப் போன் செய்து இன்னும் சீக்கிரமான தேதி கேளுங்கள். காலையில் ஒரு துண்டு, இரவில் ஒரு துண்டு என்று குறைத்துக்கொள்ளலாமா என்றும் அவர்களிடமே கேளுங்கள்.

எத்தனை திசுத் துண்டு எடுப்பார்கள் என்று கேளுங்கள். சேதம் திட்டுத்திட்டாக இருக்கலாம் என்பதால் முன்சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து ஒன்றிரண்டு, அதற்கு அப்பாலிருந்து குறைந்தது நான்கு எடுப்பது வழக்கம். ஒன்றே ஒன்று எடுத்தால் நல்ல இடத்திலிருந்து வந்துவிடவும் கூடும். எடுப்பது வலிக்காது. எனக்குத் தொண்டையில் மரக்க வைக்கும் மருந்து அடித்து, தூக்க ஊசி போட்டார்கள். விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது, தொண்டை மட்டும் சாயங்காலம் வரை கரகரப்பாக இருந்தது.

---

சமையலறைக்கணக்கு

இரும்பு மாத்திரையை எண்டோஸ்கோபிக்கு முன் எப்போது நிறுத்துவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு வந்து உறுதியான அன்றே உணவியல் ஆலோசகரிடம் பரிந்துரை வாங்கிவிடுங்கள். குளூட்டன் உள்ள மற்றத் தானியங்களான பார்லியும் ரையும் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன, மால்ட் என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம், ஓட்ஸ் எப்போது சேர்க்கலாம், இதெல்லாம் நேரில் உட்கார்ந்து பேச வேண்டியவை. "குளூட்டன் இல்லாதது" என்ற முத்திரைக்குப் பன்னாட்டு அளவுகோல் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது. பொட்டலங்களைப் படிக்கப் பழகும்போது இது உதவும்.

---

வெண்மேகம்

நன்றி. என் தங்கையும் வாய்ப்புண் வாய்ப்புண் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், அவளையும் ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எண்டோஸ்கோபி அன்று நானே வண்டி ஓட்டிக்கொண்டு வரலாமா?

---

அரைத்தூக்கம்

தூக்க ஊசி போட்டால் அன்று முழுக்க ஓட்டக் கூடாது. தங்கையைக் கூட அழைத்துப் போங்கள்.